கல்லில் எழுந்த சிற்றுலகங்கள்

வாசிலி காண்டின்ஸ்கி தம் வாழ்நாளில் பத்து ஓவியங்களுக்கு மட்டுமே 'கம்போசிஷன்' என்னும் பெயரைச் சூட்டினார். இசையமைப்பாளர் தம் பெரும் படைப்புக்கு இடும் பெயர் அது. நீண்ட ஆயத்தத்திற்குப் பின், பல முன்வரைவுகளைக் கடந்து வந்தவற்றுக்கே அப்பெயரை அவர் வழங்கினார். அந்தப் பத்தில் முதல் மூன்றை இனி எவரும் பார்க்க இயலாது. இரண்டாம் உலகப் போரில் அவை அழிந்துபோயின. இரண்டாவது கம்போசிஷன் இரண்டு மீட்டர் உயரமும் இரண்டே முக்கால் மீட்டர் அகலமும் கொண்ட பெருந்திரை. இன்று அதன் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் இருக்கிறது. நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் அதற்கான வண்ண முன்வரைவு ஒன்று இருக்கிறது. மூலம் இல்லை.

அதே ஓவியர் 1922இல் ஒரு சிறு காரியம் செய்தார். பள்ளி மாணவனின் வரைபடத் தாளை ஒத்த அளவுள்ள பன்னிரண்டு தாள்களை அச்சிட்டு ஓர் உறைக்குள் வைத்தார். தொகுப்பின் பெயர் 'க்ளைன வெல்டன்'. தமிழில் 'சிற்றுலகங்கள்' எனலாம். அவற்றுள் வண்ணக் கல்லச்சில் உருவான தாள்களே இக்கட்டுரையின் பொருள். பெருந்திரைகள் அழிந்த அதே நூற்றாண்டின் தீயை இச்சிறு தாள்கள் கடந்து வந்துள்ளன. எப்படிக் கடந்தன என்ற கேள்வி ஓவிய வரலாற்றோடு முடிந்துவிடுவதன்று. பிரதி என்றால் என்ன, மூலம் என்றால் என்ன என்று நாம் ஐயமின்றி நம்பி வருவனவற்றையும் அது அசைத்துப் பார்க்கிறது.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்லச்சு ஓவியர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. அலாய்ஸ் செனபெல்டர் (1771-1834) ஒரு நடிகரின் மகன், நாடகங்கள் எழுதியவர். தம் நாடகங்களைக் குறைந்த செலவில் தாமே அச்சிட வழி தேடிக்கொண்டிருந்தார். 1796இல் ஒருநாள், வாசலில் சலவைக்காரி காத்திருக்க, கையருகே தாள் இல்லாமையால் அம்மா சொன்ன சலவைக் கணக்கைப் பக்கத்திலிருந்த கல்லின் மீது மெழுகு கலந்த மையால் எழுதிவைத்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார். அங்கிருந்து தொடங்கிய சோதனைகள் 1798ஐ ஒட்டி முழுமை பெற்றன. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பகுதியில் கிடைக்கும் நுண்ணிய சுண்ணாம்புக்கல் அதற்கு வாய்த்தது. அதன் தத்துவம் எளிது: எண்ணெயும் நீரும் கலவா. வழவழப்பாகத் தேய்த்த கல்லில் கொழுப்புள்ள மையாலோ கோலாலோ வரைகிறோம். மெல்லிய அமிலம் கலந்த கோந்தைப் பூசிப் பதப்படுத்துகிறோம். பின்பு கல்லை நீரால் நனைத்தால் வெற்றிடம் நீரை ஏற்கும். வரைந்த இடம் அதை விலக்கும். மை உருளையை ஓட்டும்போது வரைந்த இடம் மட்டும் மையைப் பற்றிக்கொள்ளும். தாளை வைத்து அழுத்தினால் படம் இடம் வலமாகத் திரும்பித் தாளில் இறங்கும்.

மரத்தைச் செதுக்க வேண்டியதில்லை. செம்பைக் கீற வேண்டியதில்லை. வரையத் தெரிந்த கை போதும். இதுவே கல்லச்சின் வல்லமை. இதுவே அதன் இழிபெயருக்கும் காரணமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளம்பரத் தாள், சிகரெட்டுப் பெட்டி, வாழ்த்து அட்டை, தேவதைப் படம் எல்லாம் வண்ணக் கல்லச்சில் பெருகின. நம் நாட்டுக்கும் அந்தக் கல் வந்தது. 1894இல் ரவி வர்மா பம்பாயில் நிறுவிய அச்சகம் ஜெர்மானிய இயந்திரங்களையும் தொழில்நுட்பர்களையும் கொண்டு இயங்கியது. இலக்குமியும் சரசுவதியும் நம் வீட்டுச் சுவர்களுக்கு இறங்கி வந்தது அவ்வழியேதான். நம் பூசையறையில் தொங்கிய படமும் காண்டின்ஸ்கியின் அரூபத் தாளும் தொழில்முறையால் உடன்பிறந்தவை என்பது முதலில் வியப்பளிக்கும். எண்ணிப் பார்த்தால் வியப்பில்லை.

ஏனெனில் காண்டின்ஸ்கி ஓவியராவதற்கு முன்பே அச்சகத்தை அறிந்தவர். 1866இல் மாஸ்கோவில் பிறந்து, சட்டமும் பொருளாதாரமும் பயின்று, பல்கலைக்கழகப் பணியை நோக்கிச் சென்றுகொண்டிருந்தவர் அவர். 1895இல் அப்பாதையிலிருந்து விலகி மாஸ்கோவின் குஷ்நெரேவ் அச்சகத்தில் கலைப்பிரிவின் பொறுப்பை ஏற்றார். படங்கள் எப்படிப் பெருகுகின்றன என்பதை அங்கு அன்றாடம் பார்த்திருப்பார். அக்காலத்தில்தான் மாஸ்கோவில் நடந்த பிரெஞ்சு ஓவியக் கண்காட்சியில் மொனேயின் வைக்கோற்போர் ஓவியத்தின் முன் நின்றார். கண்முன் இருப்பது இன்னதென்று அவருக்குப் புலப்படவில்லை. கண்காட்சிக் கையேட்டைப் பார்த்துத்தான் வைக்கோற்போர் என்று அறிந்தார். பொருள் புலப்படாமலேயே ஓவியம் மனத்தில் பதிந்துவிட்டதே என்ற திகைப்பு அவரை விடவில்லை. 1896இல், முப்பது வயதில், ஓவியம் பயில மியூனிக் சென்றார். செனபெல்டர் கல்லச்சைக் கண்டுபிடித்ததும் அதே நகரில்தான்.

மியூனிக் ஆண்டுகளில் அவர் கல்லை அதிகம் நாடவில்லை, மரச்செதுக்கையே நாடினார். தம் உரைநடைக் கவிதைகளையும் மரச்செதுக்கு ஓவியங்களையும் சேர்த்து 'க்ளாங' (ஒலிகள்) என்னும் நூலை வெளியிட்டார். அருவ ஓவியத்திற்குக் கொள்கை வகுத்த 'கலையில் ஆன்மிகத் தன்மை பற்றி' 1911இன் இறுதியில் வெளிவந்தது. 1914இல் போர் மூண்டதும், ரஷ்யக் குடிமகன் என்பதால், அவர் ஜெர்மனியை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஓவியங்களில் பெரும்பகுதி அவருடன் வாழ்ந்த ஓவியர் கேப்ரியேலே முன்டரிடம் தங்கிவிட்டது. புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் கலைக்கல்வி, அருங்காட்சியகப் பணிகளில் சில ஆண்டுகள் உழைத்தார். அங்கு புதிய தலைமுறையினர் பொறியியலையும் பயன்பாட்டையும் பேசினர். இவரோ ஆன்மாவைப் பேசினார். 1921 டிசம்பரில் பெர்லின் திரும்பினார். 1922 ஜூனில், வால்டர் க்ரோப்பியஸ் 1919இல் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியரானார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. சொத்து என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. ஓவியங்கள் இரு நாடுகளில் சிதறிக்கிடந்தன.

'சிற்றுலகங்கள்' உருவான பின்னணி இது. பெர்லினின் ப்ரோபிலேயன் பதிப்பகத்தின் வெளியீடாக, பௌஹவுஸின் அச்சுப் பட்டறையில் அத்தொகுப்பு அச்சிடப்பட்டது. பட்டறையின் கலைப் பொறுப்பு லியோனல் பைனிங்கரிடம் இருந்தது. தொழில் பொறுப்பு கார்ல் சௌபிட்சரிடம். ஓவியரும் தொழிலாளியும் ஒரே பட்டறையின் இரு தலைவர்கள் என்பது அப்பள்ளியின் கொள்கை. கல்லச்சுக்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது. ஓவியர் கல்லில் வரையலாம். ஆனால் அமிலத்தின் பதமும் நீரின் ஈரமும் மையின் கனமும் அச்சுத் தொழிலாளியின் கையறிவில் இருப்பவை.

பன்னிரண்டு தாள்களின் அமைப்பை ஒரு சிறு கணக்கைப் போலத் தம் முன்னுரையில் காண்டின்ஸ்கி விளக்குகிறார். நான்கு கல்லில் பிறந்தவை, நான்கு மரத்தில், நான்கு செம்பில். ஆறு தாள்களுக்குக் கறுப்புக் கோடும் கறுப்புத் திட்டும் போதுமாயிருந்தன. மற்ற ஆறும் வேறு வண்ணங்களின் ஒலியையும் வேண்டின. ஒவ்வோர் உலகமும் தனக்கு உரிய மொழியைத் தானே கண்டடைந்தது என்பது அவர் கருத்து. அருங்காட்சியகப் பட்டியல்கள் இக்கணக்கைச் சற்றே மாற்றுகின்றன. மரத்தில் செதுக்கிய நான்கில் வண்ணம் வேண்டிய இரண்டை, செதுக்கிய உருவைக் கல்லுக்கு மாற்றிக் கல்லச்சாகவே அச்சிட்டிருக்கிறார்கள். எனவே சில பட்டியல்களில் கல்லச்சுத் தாள்கள் ஆறு என்று காணப்படும். ஆக, வண்ணம் தேவைப்பட்ட ஆறு உலகங்களும் கல்லின் வழியாகவே வண்ணம் பெற்றன.

வண்ணக் கல்லச்சில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியே அச்சிட வேண்டும். மஞ்சளுக்கு ஒருமுறை, நீலத்துக்கு ஒருமுறை, சிவப்புக்கு ஒருமுறை, கறுப்புக்கு ஒருமுறை எனத் தாள் மீண்டும் மீண்டும் அச்சுப்பொறிக்குள் செல்லும். மயிரிழை விலகினாலும் வடிவம் வடிவத்தோடு பொருந்தாது. ஓவியர் தம் படத்தை முழுமையாகக் காண்பது கடைசி அச்சுக்குப் பிறகுதான். அதுவரை அவரிடம் இருப்பவை பிரிந்து கிடக்கும் வண்ணங்கள், அதுவும் இடம் வலமாகத் திரும்பியவை. தூரிகையோடு திரைமுன் நிற்பவருக்குத் தோன்றும் உடனடி மாற்றங்களுக்கு இங்கு இடமில்லை. எண்ணிப் பிரித்து, பின் கூட்ட வேண்டும். மியூனிக் காலத்தின் கொந்தளிப்பிலிருந்து வட்டம், முக்கோணம், கட்டம் ஆகியவற்றின் தெளிவை நோக்கி அவர் நகர்ந்துகொண்டிருந்த நேரம் அது. அந்நகர்வுக்குக் கல்லும் ஒரு துணையாயிற்று என்று நாம் கருதுவதில் தவறில்லை.

தொகுப்பின் நான்காம் தாளை எடுத்துக்கொள்வோம். ஒரு வட்ட வெளி. அதனுள் சதுரங்கப் பலகையை நினைவூட்டும் கட்டங்கள். அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்லும் கோடுகள். கோடுகளுக்கிடையே மிதக்கும் வண்ணத் திட்டுகள். இது நிலக்காட்சி அன்று, நகரமும் அன்று. ஆயினும் ஈர்ப்பும் விலக்கமும், பாரமும் மிதப்பும் இதனுள் இயங்குகின்றன. மஞ்சள் நம்மை நோக்கி வருவது, நீலம் நம்மிடமிருந்து விலகி உள்ளே செல்வது என்று காண்டின்ஸ்கி எழுதிவந்தார். அதைக் கொள்கையாகப் படிக்கையில் நமக்கு ஐயம் எழலாம். ஒரு சாண் அகலத் தாளை மடியில் வைத்துப் பார்க்கையில் அது ஓரளவு கண்ணுக்கே புலனாகிறது. பெருந்திரை நம்மைச் சூழ்ந்துகொள்கிறது. இத்தாளையோ நாம் குனிந்து பார்க்கிறோம். உலகம் என்னும் சொல்லோடு சிறிது என்னும் அடையை அவர் சேர்த்தது அளவைக் குறிக்க மட்டுமன்று என்றே தோன்றுகிறது.

இனி, இக்கட்டுரையின் மையக் கேள்விக்கு வருவோம். அருவ ஓவியத்தின் மீது தொடக்கம் முதலே ஒரு குற்றச்சாட்டு உண்டு: அது மக்களுக்கானதன்று, சிலருக்கானது. நம் சூழலிலும் நவீன ஓவியம் பற்றியும் நவீன கவிதை பற்றியும் இதையே கேட்டிருக்கிறோம். காண்டின்ஸ்கி 1926இல் வெளியிட்ட 'புள்ளியும் கோடும் தளமும்' என்னும் நூலில் அச்சுமுறைகளை ஒப்பிடுகிறார். செம்புத் தகட்டில் நல்ல பிரதிகள் சிலவே கிடைக்கும். ஆதலால் அது உயர்குடித் தன்மை உடையது. மரம் அதைவிடத் தாராளமானது. ஆயினும் வண்ணத்துக்கு எளிதில் இணங்காது. கல்லோ ஏறத்தாழ எல்லையற்ற பிரதிகளை விரைவாகத் தரும், வண்ணத்தையும் தரும். ஆகவே அதன் இயல்பு சனநாயகத் தன்மை கொண்டது. சிகரெட்டுப் பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் பயன்பட்டதால் தாழ்ந்தது என்று பிறர் கருதிய ஒன்றிடம், அதே காரணத்துக்காக ஒரு மேன்மையைக் கண்டார்.

ஆனால் நடைமுறையில் நேர்ந்தது என்ன? எல்லையற்ற பிரதிகளைத் தரக்கூடிய கல்லிலிருந்து 230 தொகுப்புகளுக்கு வேண்டியவை மட்டுமே எடுக்கப்பட்டன. தாள்களில் ஓவியர் பென்சிலால் கையெழுத்திட்டார். கல்லுக்கு எல்லையில்லை, எல்லையை வகுத்தது சந்தை. இம்முரண்பாட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1922இன் ஜெர்மனியை நினைவில் கொண்டால் இதைப் புரிந்துகொள்ளவும் முடியும். அவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 200 மார்க்கை ஒட்டியிருந்த மதிப்பு ஆண்டிறுதியில் 7,000 மார்க்கைத் தாண்டியது. கையிலிருக்கும் பணம் கரைவதற்குள் அதைப் பொருளாக மாற்றிக்கொள்ள மக்கள் விரைந்த காலம். எண்ணிக்கை வரையறுத்த, கையெழுத்திட்ட அச்சோவியம் அப்படி ஒரு பொருள். 1923இல் பௌஹவுஸ் மாணவர் ஹெர்பர்ட் பயர் துரிங்கியா மாநில வங்கிக்காக அவசரகாலப் பணத்தாள்களை வடிவமைத்தார். ஒரு தாளின் முகமதிப்பு பத்து லட்சம் மார்க். அரசாங்கம் மதிப்பை எழுதிய அந்தத் தாள்கள் சில மாதங்களில் வெற்றுத் தாள்களாயின. எதையும் வாங்கித் தர வாக்களிக்காத, எதையும் சித்திரிக்கவும் செய்யாத வண்ணத் தாள்கள் மதிப்பை இழக்கவில்லை.

தாளுக்கு இன்னொரு வல்லமையும் உண்டு: அது பயணம் செய்யும். அதே 1922 டிசம்பரில் கல்கத்தாவில், கீழைக்கலைகளுக்கான இந்தியச் சங்கத்தின் பதினான்காம் ஆண்டுக் கண்காட்சியில் பௌஹவுஸ் ஓவியர்களின் படைப்புகள் வைக்கப்பட்டன. கலை வரலாற்றாளர் ஸ்டெல்லா க்ராம்ரிஷ் பௌஹவுஸ் ஆசிரியர் யோஹன்னஸ் இட்டனுடன் கடிதத் தொடர்பு கொண்டதன் பயனாக நிகழ்ந்தது அது. காண்டின்ஸ்கி, பால் க்ளே, பைனிங்கர், இட்டன் ஆகியோரின் பெயர்கள் அவனீந்திரநாதர், ககனேந்திரநாதர், நந்தலால் போஸ் ஆகியோரின் பெயர்களோடு ஒரே கூரையின்கீழ் நின்றன. வந்தவற்றில் பெரும்பாலானவை நீர்வண்ணம், கோட்டோவியம், அச்சோவியம் எனத் தாளில் அமைந்தவை. எண்ணெய் வண்ணப் பெருந்திரைகள் வேண்டுமென்று காத்திருந்தால் அக்கண்காட்சி நடந்திராது.

அடுத்த பத்தாண்டுகளின் கதை தெரிந்ததே. பௌஹவுஸ் 1925இல் டெஸ்ஸாவுக்கும் 1932இல் பெர்லினுக்கும் இடம்பெயர்ந்து, 1933இல் மூடப்பட்டது. காண்டின்ஸ்கி பாரிஸை அடுத்த நெய்யியில் குடியேறினார். 1937இல் நாஜி அரசு ஜெர்மானிய அருங்காட்சியகங்களிலிருந்து நவீன கலைப் படைப்புகளைப் பறிமுதல் செய்தது. ஏறத்தாழ 20,000 எனப்படும் அவற்றுள் காண்டின்ஸ்கியின் படைப்புகள் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்டவை. அவ்வாண்டு ஜூலையில் மியூனிக்கில் 'சீரழிந்த கலை' என்ற பெயரில் ஒரு கண்காட்சி வைத்து மக்களை நகைக்கச் செய்தனர். அவர் ஓவியராகப் பிறந்த நகரம் அது. பறிமுதலானவற்றில் விற்க இயலாதவையென ஒதுக்கிய ஏறத்தாழ 5,000 படைப்புகள் 1939 மார்ச் 20 அன்று பெர்லின் தீயணைப்பு நிலைய முற்றத்தில் எரிக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. அவற்றில் பெரும்பகுதி தாளில் அமைந்தவை என்பதை நாம் கவனிக்க வேண்டும். தாள் எளிதில் எரியும். தாள் என்பதாலேயே ஒன்று பிழைத்துவிடுவதில்லை.

பிழைக்க வைத்தது எண்ணிக்கை. ஓர் ஊரின் அருங்காட்சியகத்தில் எரிந்த தாள் வேறோர் ஊரில், வேறொரு நாட்டில், யாரோ ஒருவரின் அலமாரியில் அப்படியே இருந்தது. அதன் நிழலோ புகைப்படமோ அன்று. அதே கல்லிலிருந்து, அதே பட்டறையில், அதே மையால் எழுந்த அதே தாள். இதற்கு மாறாக, ஓவியத்திரை ஒன்று பிழைக்க வேண்டுமானால் ஒரு மனிதர் வேண்டும். முன்டர் அப்படி ஒரு மனிதர். காண்டின்ஸ்கி தம்மிடம் விட்டுச்சென்ற ஓவியங்களை, அவர் தம்மை விட்டு நீங்கிய பிறகும், நாஜி ஆண்டுகள் முழுதும் மூர்னாவ் ஊரிலிருந்த தம் வீட்டின் நிலவறையில் மறைத்துக் காத்தார். 1957இல், தம் எண்பதாம் வயதில், மியூனிக் நகரின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு அவற்றைக் கொடையாக அளித்தார். முதல் மூன்று கம்போசிஷன்களுக்கு அப்படியொரு நிலவறை வாய்க்கவில்லை. காண்டின்ஸ்கி 1944 டிசம்பர் 13 அன்று நெய்யியில் காலமானார்.

இயந்திரப் பெருக்கம் கலைப்படைப்பின் ஒளிவட்டத்தை அழிக்கிறது என்று வால்டர் பெஞ்சமின் 1930களின் நடுவில் எழுதினார். அந்த வரலாற்றில் கல்லச்சை ஒரு திருப்பமாகவே குறித்தார். ஒரே இடத்தில், ஒரே பொருளாக இருத்தல் என்பதே அவர் கருதிய ஒளிவட்டம். 'சிற்றுலகங்க'ளைப் பார்க்கையில் அதன் மறுபக்கம் நமக்குப் புலனாகிறது. ஒரே இடத்தில் இருப்பது ஒரே தீயில் அழியவும் கூடும். ஒன்றாக இருத்தல் பெருமைதான். பலவாக இருத்தல் பாதுகாப்பு. கல்லச்சில் மூலம், பிரதி என்ற பிரிவே இல்லை. அச்சு முடிந்ததும் அடுத்த வேலைக்காகக் கல்லைத் தேய்த்து முகத்தைத் துடைத்துவிடுவது பட்டறை வழக்கம். மூலம் என்று எதையேனும் சுட்ட வேண்டுமானால் 230 தாள்களையும் சேர்த்தே சுட்ட வேண்டும். அவற்றுள் எதுவும் மற்றொன்றின் நகலன்று.

ஏட்டுச்சுவடிகளின் வழியாக இலக்கியத்தைப் பெற்றவர்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. படியெடுக்கப்பட்டவை வந்து சேர்ந்தன. படியெடுக்கப்படாதவை பெயராக நின்றுவிட்டன. சில நூறு பிரதிகளே அச்சான சிறுபத்திரிகைகளில் படித்து வளர்ந்தவர்களுக்கும் இது புதிதன்று. பலருக்கும் போய்ச் சேராதவை என்று ஏளனம் செய்யப்பட்ட அவ்விதழ்கள், சிலரின் மரப்பெட்டிகளிலிருந்து இன்று மறுபதிப்பாக எழுந்து வருகின்றன. சனநாயகம் என்று காண்டின்ஸ்கி சொன்னதை எல்லோரையும் சென்றடைதல் என்று மட்டும் பொருள்கொண்டால் அவர் தோற்றார் என்றே தீர்ப்புக் கூற வேண்டும். 230 என்பது எல்லோரும் அன்று. ஒருவரின் கையில் மட்டும் இல்லாதிருத்தல் என்று பொருள்கொண்டால் அவர் வென்றார். ஒரே ஆணையில், ஒரே குண்டில், ஒரே நெருப்பில் முடிந்துபோகாதிருக்க 230 போதுமாயிற்று.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இன்றும் அத்தொகுப்பு இருக்கிறது; வேறு பல நகரங்களிலும் இருக்கிறது. தாயின் சலவைக் கணக்கைக் குறித்துவைக்கக் கல்லைத் தேடிய நாடகாசிரியருக்கும், உலகம் ஒன்றை ஒரு சாண் தாளில் வைக்கக் கல்லைத் தேடிய ஓவியருக்கும் நோக்கம் ஒருவகையில் ஒன்றே: எழுதியது தொலைந்துபோகக் கூடாது.